பாறையில் நின்று தூண்டில் போட: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழு வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு லேசில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. நமக்குக் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் தீவில் வடகடலைப் பெண்கடல் என்பார்கள், தென்கடலை ஆண்கடல் என்பார்கள். மண்டபத்தில் இருப்பவர் காலை டீயை ஒரு கடலோரம் குடித்துவிட்டு இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம். ஒன்று கொந்தளிக்கிற காலத்தில் மற்றது பெரும்பாலும் குளம் மாதிரிக் கிடக்கும். இவ்வளவு இருந்தும், கொந்தளிக்கிற பக்கத்தில் போய்ப் பாறை நுனியில் நிற்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

நானும் நின்றவன்தான். சில வருடம் முன்பு, ஆடி மாதம், தென்கடலோரம் வாலிநோக்கத்தில். தூண்டில் முள் அறுந்துவிட்டது, புது முள் கட்டலாம் என்று கடலுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தேன். முடிச்சில் எச்சில் தடவிக்கொண்டிருந்தது வரைதான் நினைவு. பின்னாலிருந்து ஒரு அலை இடுப்பளவுக்கு ஏறி, பையையும் செருப்பையும் கொண்டுபோய்விட்டது. என்னையும் நாலடி இழுத்துப் பாறை மேல் தேய்த்தது. பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு இருக்கிறதே, சின்னச் சின்ன எரிமலை மாதிரி விளிம்பு கூராக, அது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தேங்காய் துருவுகிற மாதிரி துருவிவிட்டது. நொண்டிக்கொண்டு கரைக்கு வந்தால், அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஏன்யா, கச்சான் காத்து அடிக்கிற நாள்ல இங்கிட்டு என்ன வேலை? வடகடல் பக்கம் போயிருக்கலாம்ல?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்வதுதான் இந்த வழிகாட்டியில் பாதி.

முதலில் காற்று, அப்புறம் இடம்

"எந்த ஸ்பாட் நல்லா இருக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்தக் காற்று அடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை. வடகிழக்கிலிருந்து வரும் இந்தக் காற்றுக்கு வடகடல் முகம் காட்டி நிற்கிறது. ஓலைக்குடா, பாம்பன் வடகரை, தேவிபட்டினம் எல்லாம் கலங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் தெற்கே போங்கள்: குந்துகால், வேதாளை, சீனியப்பா தர்கா, பெரியபட்டினம், கீழக்கரை. வைகாசி பிற்பாதியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று. கச்சான், சோழகம் என்று அது வரும் திசைக்கு ஏற்ப மீனவர்கள் பெயர் சொல்வார்கள். அப்போது கதை தலைகீழ். மூக்கையூர், வாலிநோக்கம், தனுஷ்கோடியின் தென்கரை எல்லாம் ஆண்கடல் என்ற பெயரைக் காப்பாற்றும். வடகடல் பக்கம் தண்ணீர் அலை மடங்காமல் கிடக்கும். மாசியும் பங்குனியும் இரண்டு பக்கமும் சாது. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தில் தொடங்குவது நல்லது.

இந்தக் கணக்கு செல்லாத நாளும் உண்டு. காற்றழுத்தத் தாழ்வு, புயல் என்றால் இரண்டு கடலும் போச்சு. 2020 டிசம்பரில் புரெவி வலுக்குறைந்து நம் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்றது ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி நாளில் மாற்றுக் கடல் என்று ஒன்று கிடையாது, வீட்டில் இருந்து தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போடலாம்.

கிளம்பும் முன் பத்து நிமிடம்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாம் எண் கூண்டுதானே, புயல் எங்கேயோ தூரத்தில்தானே என்று நினைக்க வேண்டாம். புயல் தூரத்தில் இருக்கலாம், அது கிளப்பிய அலை தூரத்தில் நிற்காது.

அடுத்தது ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS, இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பு. மாவட்ட வாரியாகக் கொடுப்பார்கள். நம் மாவட்டத்துக்குத் தீர்த்தாண்டதானம் முதல் ரோச்மா நகர் வரை என்று போட்டிருக்கும். அதில் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை நொடி என்ற எண்ணும் அதில் இருக்கும். பாறையில் நிற்கிறவனுக்கு அதுதான் முக்கியம்.

காரணம் கள்ளக்கடல். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் அடிப்பக்கத்தில் அடிக்கும் சூறைக்காற்று கிளப்பும் அலை, பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். கடலும் மேலுக்குச் சாதுவாகத்தான் தெரியும். பாறையை நெருங்கியதும் அது திடீரென்று எழும்பும். கள்ளன் மாதிரி வருவதால்தான் அந்தப் பெயர். சித்திரை, வைகாசியில் இது அதிகம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் இறந்ததும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் தென்கரைப் பாறைகளை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

போனில் சிக்னல் இல்லாவிட்டால் கைக்கடிகாரமே போதும். ஒரு அலையின் முகடு ஒரு கல்லைத் தாண்டியதிலிருந்து அடுத்த முகடு அதே கல்லைத் தாண்டும் வரை எண்ணுங்கள். உள்ளூர்க் காற்று கிளப்பும் அலை ஐந்தாறு நொடியில் வந்துவிடும். பதினான்கு, பதினைந்து நொடி என்று நீண்டால் அது தூரத்து அலை. சின்னதாகத் தெரிந்தாலும் அதன் வயிற்றில் தண்ணீர் நிறைய.

வீட்டில் ஒருவரிடம் எந்த ஊர், எந்தப் பாறை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தனியாகப் போகாதீர்கள். கடலோரக் காவல்படை 1554, தமிழகக் கடலோரக் காவல் துறை 1093, ஆம்புலன்ஸ் 108: இந்த மூன்றும் போனில் இருக்கட்டும். தனுஷ்கோடிப் பக்கம் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். அங்கே நெட்வொர்க் தேர்வை நீங்களே நம் நாட்டு நிறுவனத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பாறையைப் படிப்பது

நம் கரை முழுக்கப் பாறை இல்லை, மணல்தான் அதிகம். பாறை என்று நாம் போய் நிற்பது மூன்று வகை.

ஒன்று, பழைய பவளக்கல். ராமேஸ்வரம் தீவின் வடகரையிலும் மண்டபம் பக்கமும் பார்க்கலாம். செத்துப்போன பவளம் கல்லாகிப் போனது. சொரசொரப்பாக இருப்பதால் காலுக்குப் பிடிமானம் நன்றாகவே கிடைக்கும், ஆனால் உள்ளே பொந்து பொந்தாக இருக்கும். உறுதியாகத் தெரிகிற விளிம்பு ஆள் ஏறியதும் உடையும். எடையைப் போடும் முன் காலால் தட்டிப் பாருங்கள், சத்தம் பொக்கென்று வந்தால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தட்டையாகக் கடலுக்குள் நீளும் மணற்பாறை. பலகை மாதிரி நடக்கச் சுகமாக இருக்கும், ஆபத்தும் அதில்தான். அதன் மேல் பச்சையும் கறுப்புமாகப் பாசி படிந்திருக்கும். பச்சைப் பாசி வழுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஈரமான கறுப்புப் படலம் வெறும் பாறை போலவே தெரியும், சோப்பை விட மோசமாக வழுக்கும்.

மூன்றாவது, ஊரைக் கடல் அரிக்காமல் இருக்கவும் துறைமுகத்துக்காகவும் கொட்டிய கற்கள். அதில் ஒரு வகைக்குத் தூண்டில் வளைவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்களோ, நமக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இங்கே அலையை விடக் கற்களுக்கு நடுவில் இருக்கும் சந்துதான் எதிரி. கால் உள்ளே போனால் உடம்பு முன்னால் சாயும், கணுக்கால் அங்கேயே நிற்கும். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குத் தாவாதீர்கள், இறங்கி ஏறுங்கள்.

எந்த வகையானாலும் முதல் தடவை பகலில், தூண்டில் இல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏறி வர இரண்டு வழி இருக்கிறதா? விழுந்தால் மணல் எந்தப் பக்கம்? நம் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான். அதை நம்பி நிறையப் பேர் கணக்கில் எடுப்பதே இல்லை. தட்டைப் பாறைக்கு அரை மீட்டரே போதும், வந்த வழி தண்ணீருக்குள் போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது கூடுதல், நீவாடும் (கடல் நீரோட்டம்) அப்போது வேகம். பாம்பன் கால்வாய் ஓரம் அந்த நாட்களில் தண்ணீர் ஆறு மாதிரி ஓடும்.

ராமேஸ்வரத்தில் அவ்வப்போது கடல் உள்வாங்கி, அடியில் கிடக்கும் பவளப்பாறை வெளியே தெரியும். உடனே ஆட்கள் செல்ஃபி எடுக்க உள்ளே நடப்பார்கள். உள்வாங்கிய கடல் திரும்பி வரும் நேரத்தை யாரிடமும் சொல்வதில்லை.

குந்துகாலில் விவேகானந்தர் மண்டபம் பக்கம் நின்றால் குருசடைத் தீவு கூப்பிடு தூரத்தில் தெரியும். அங்கே போய்த் தூண்டில் போட்டால் என்ன என்று தோன்றும். கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போனால் வனத்துறை வழக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு இல்லை. இரவில் பாறையில் டார்ச் அடித்தால் போலீஸ் வந்து விசாரிக்கும். எதிரே இலங்கை, இங்கே கடல் அட்டைக் கடத்தல் முதல் எல்லாம் நடக்கிற கரை. ஆதார் அட்டை கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் அந்தப் பேச்சே இல்லை, மாலை ஆனதும் வெளியாட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உடம்பில் என்ன, பையில் என்ன

ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். அது பாறையில் வழுக்கும், அலையில் கழன்று போகும், அதைப் பிடிக்கக் குனியும்போது அடுத்த அலை வரும். கயிறு கட்டிய கான்வாஸ் ஷூ போதும். கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள், விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குவார்கள். கல் கையை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். தூண்டில் நரம்பும் (மீன் பிடிக்கும் நைலான் இழை) அப்படித்தான். வலது ஆள்காட்டி விரலுக்காவது ஒரு சுற்றுத் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி ஒரே வார்த்தை: போடுங்கள். நீச்சல் தெரியும் என்பது அலை தலையைப் பாறையில் மோதியபின் உதவாது. முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் போடாதீர்கள், தண்ணீர் நிறைந்தால் எழுந்து நிற்கக்கூட முடியாது.

பையில் ஒரு விசில், தலையில் கட்டும் விளக்கு, குடிதண்ணீர், முள் வெட்டும் கட்டர். அப்புறம் நான் எப்போதும் கொண்டுபோவது, காலி 5 லிட்டர் எண்ணெய்க் கேன். மூடியை இறுக்கி, கைப்பிடியில் 15 மீட்டர் நைலான் கயிறு கட்டி, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு வைத்திருப்பேன். தண்ணீர் எதற்கு என்றால், வெறும் கேனை வீசினால் காற்று திருப்பிக் கொண்டுவந்துவிடும். இது எதற்கு என்று கீழே வருகிறது.

இருபது நிமிடம் சும்மா நில்லுங்கள்

இடத்துக்கு வந்ததும் யாரும் செய்யாத வேலை இது. தூண்டில் ராடைப் பிரிக்காமல், இரையை வெட்டாமல், மேட்டில் நின்று கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் தனியாக வருவதில்லை, நாலைந்தாகச் சேர்ந்து வரும். இடையில் பத்து, பதினைந்து நிமிடம் கடல் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் வந்து சேர்கிறவன் "கடல் நல்லாத்தானே இருக்கு" என்று நேரே நுனிக்குப் போய்விடுகிறான்.

பாறை எதுவரை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் வந்தபின் ஒரு தடவைகூட அலை தொடாத பாறை ஈரமாக இருந்தால், நீங்கள் வரும் முன் தொட்டிருக்கிறது. காய்ந்த பாறையில் மட்டும் நில்லுங்கள், அதிலும் ஈரக் கோட்டிலிருந்து நாலு எட்டு பின்னால்.

போடுவதும் இழுப்பதும்

முகம் எப்போதும் கடலைப் பார்த்து. முள் கட்ட வேண்டுமா, இரை கோர்க்க வேண்டுமா, மேலே ஏறி வந்து செய்யுங்கள். என் முழங்கால் தழும்பு சொல்லும் பாடம் அவ்வளவுதான். வீசும் முன் பின்னால் ஆள் இருக்கிறாரா, மின்கம்பி போகிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் இடி கேட்டதும் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையேற வேண்டியதுதான்.

கைத்தூண்டில்காரர்களுக்கு: நரம்பைக் கையில் சுற்றாதீர்கள். நல்ல பாறை மீன் ஒன்று இழுத்தால் தங்கூசி நரம்பு விரலை எலும்பு வரை அறுக்கும். மரக்கட்டையிலோ பிளாஸ்டிக் வளையத்திலோ சுற்றுங்கள்.

பாறையில் தூண்டில் போட்டால், அதை அடியில் இறக்கக் கட்டும் ஈயம் சிக்கத்தான் செய்யும். சிக்கியதை எடுக்க நுனி வரை இறங்கிப் போகிறவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள். இதற்கு ஒரு வழி இருக்கிறது. முக்கிய நரம்பில் ஈயத்தைக் கட்டாமல், அதில் பாதி பலமுள்ள ஒரு முழ நரம்பில் ஈயத்தைத் தொங்கவிடுங்கள். சிக்கினால் அந்தத் துண்டு மட்டும் அறும், முள்ளும் மீனும் உங்களுக்கு. ஈயத்துக்குப் பதில் மெக்கானிக் கடையில் தூக்கிப் போடும் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கட்டினால் போனாலும் காசு போகாது. இழுக்கும்போது ராடை வளைத்து நேராக இழுக்காதீர்கள், விடுபட்ட ஈயம் குண்டு மாதிரி முகத்துக்கு வரும். ராடைத் தாழ்த்தி, கையில் துணி சுற்றி நரம்பைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடங்கள். அறுந்த நரம்பைக் கடலில் விடாமல் சுருட்டிப் பையில் போடுங்கள். ஆமையும் கடற்பசுவும் உலவுகிற கடல் இது.

பெரிய மீன் மாட்டினால் அவசரம் வரும். அலையைப் பாருங்கள், மீனைப் பார்க்காதீர்கள். ஒரு அலை ஏறும்போது மீனை மேலே மிதக்கவிட்டு, அது பாறையில் வந்து தங்கியதும் இழுங்கள். இறங்கிப்போய்க் கையால் தூக்க வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த மீன் கடலுடையது.

விழுந்துவிட்டால்

விழுந்த இடத்திலேயே ஏறப் பார்ப்பதுதான் உயிரை வாங்குகிறது. ஒவ்வொரு அலையும் பாறையில் மோதித் திரும்ப இழுக்கும். பாறையை விட்டு விலகிக் கடல் பக்கம் நீந்துங்கள். மனம் கேட்காது, ஆனாலும் நீந்துங்கள். அலை உடையாத இடத்துக்குப் போனதும் மல்லாந்து மிதந்து, மூச்சை வாங்கிக்கொண்டு, முன்பே பார்த்துவைத்த மணல் பக்கம் மெதுவாக ஒதுங்குங்கள். பாறையில் மோதத்தான் போகிறது என்றால் கால் முன்னால், முழங்கால் மடங்கி இருக்கட்டும்.

கூட வந்தவர் குதிக்கக் கூடாது. ஒருவர் விழுந்து இருவர் சாவது அப்படித்தான். அந்த 5 லிட்டர் கேன் இதற்குத்தான். கயிற்றின் நுனியைக் காலில் மிதித்துக்கொண்டு, விழுந்தவரின் தலைக்கு அப்பால் விழும்படி வீசுங்கள். அவர் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் மணிக்கணக்கில் மிதக்கலாம். பாறை மேல் இழுக்க முயல வேண்டாம், மணல் பக்கம் கயிற்றோடு நடந்து கூட்டிப் போங்கள். கையோடு உதவிக்குப் போன் செய்யுங்கள்.

மீன் கையில் வந்தபின்

கரைக்கு வந்தாயிற்று என்று நினைக்கும்போதுதான் கை போகும். விளமீன், களவா எல்லாம் பிரச்சினை இல்லை. ஓராவுக்கு முதுகிலும் வயிற்றிலும் விஷ முள். கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. திருக்கைக்கு வாலில். கல்லா மீனா என்று தெரியாமல் சொரசொரவென்று ஒன்று வந்தால் தொடவே வேண்டாம், நரம்பை வெட்டிவிடுங்கள். வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும் கடல்பாம்பு மாட்டினாலும் அதேதான். அது கடித்தால் வலி பெரிதாக இருக்காது. வலியில்லை என்று வீட்டுக்குப் போகாமல், கடித்த கை காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பேத்தை (உடம்பைப் பந்து மாதிரி ஊதிக்கொள்ளும் மீன்) மாட்டினால் கடலில் விடுங்கள். அதன் விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது, பூனைக்குக்கூடப் போடாதீர்கள்.

விஷ முள் குத்தினால் ஐஸ் வைக்காதீர்கள், சுண்ணாம்பும் வேண்டாம். சூடான தண்ணீர்தான் மருந்து. கை பொறுக்கிற சூடு, சுமார் 45 டிகிரி. அதில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முக்கி வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. திருக்கை முள் வயிற்றிலோ நெஞ்சிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோங்கள். எது குத்தினாலும் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கரையில் வெந்நீருக்கு எங்கே போவது? தங்கச்சிமடத்தில் எனக்கு ஓரா குத்தியபோது விரலிலிருந்து வலி தோள்பட்டை வரை இழுத்தது. ஓடிப்போய் நின்ற இடம் டீக்கடை. கடைக்கார அக்கா வேறு கேள்வியே கேட்கவில்லை. "ஓராவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பாய்லரிலிருந்து வெந்நீரை ஒரு எவர்சில்வர் தூக்கில் பிடித்து, பச்சைத் தண்ணீர் கொஞ்சம் கலந்து நீட்டினார். ஆற ஆற மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரத்தில் வலி மணிக்கட்டுக்கு இறங்கியது. அதற்குள் என் கூடையில் இருந்த நாலு ஓராவையும் அவரே முள் நறுக்கிச் சுத்தம் செய்திருந்தார், கத்திரிக்கோலால், ஒரு முள்ளையும் தொடாமல்.